அமெரிக்க வலதுசாரி அக்கம்பக்கத்தார்: கருக்கலைப்புச் சட்டம், ஈராக், பெற்றோர் கையெழுத்து – நேரில் கண்டதை எழுதுங்கள்

போவே வாசி:

அமெரிக்க வலதுசாரி என்றாலே நம்மவர்களுக்கு டிவியில் கத்துகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்களோடு ஒரே வேலியைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் நம்மில் நிறைய பேர். யார் சரி என்ற பஞ்சாயத்து வேண்டாம். யார், எதை, எந்தச் சூழ்நிலையில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது சான் டியேகோவுக்கு வடக்கே, போவேயில். கேம்ப் பெண்டில்டன் மரைன் தளம் அதிக தூரமில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் முன்னாள் மரைன். 1991 வளைகுடாப் போருக்குப் போனவர். ஞாயிறு தவறாமல் சர்ச், புஷ்ஷுக்கு இரண்டு தடவையும் ஓட்டு. நாங்கள் குடிவந்த புதிதில் வாட்டர் ஹீட்டர் புட்டுக்கொண்டபோது ராத்திரியில் ஸ்பேனரோடு வந்து நின்ற மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2005 அக்டோபரில் அவர் வீட்டுப் புல்தரையில் பிராப் 73-க்கு 'ஆம்' போடச் சொல்லி ஒரு பலகை முளைத்தது. கவர்னர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் கூட்டிய நவம்பர் 8 சிறப்புத் தேர்தலில் மக்கள் ஓட்டுக்கு வந்த எட்டு முன்மொழிவுகளில் அது ஒன்று. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்வதற்கு 48 மணி நேரம் முன்னால் பெற்றோரில் ஒருவருக்கு டாக்டர் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது சாரம். சம்மதம் கேட்கவில்லை, தகவல்தான். சம்மதமே வேண்டும் என்று 1987-ல் கலிஃபோர்னியா போட்ட சட்டம் வழக்கிலேயே முடங்கிக் கிடந்து, 1997-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் 4-க்கு 3 என்ற கணக்கில் ரத்தாகிவிட்டது. அதனால்தான் இந்த முறை தகவல் என்று இறங்கி வந்து, அதை மாநில அரசியல் சாசனத்துக்குள்ளேயே எழுதப் பார்த்தார்கள்.

"என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தலைவலி மாத்திரை கொடுக்க என் அனுமதி வேண்டும். ஆபரேஷனுக்கு வேண்டாமா?" என்பார். அந்தச் சீசனில் பிராப் 73 ஆட்கள் எல்லாரும் அச்சடித்துக் கொடுத்த மாதிரி இதையே சொன்னார்கள். எனக்கு அப்போது கிரீன் கார்டுதான், ஓட்டே கிடையாது. அது தெரிந்தும் என்னை மாற்றியே தீருவது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார்.

தேர்தலுக்கு ஆறு நாள் முன்னால், கலிஃபோர்னியாவுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட் மத்திய நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று வந்தது. கலிஃபோர்னியாவின் பாம்டேல் ஊரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஏழு முதல் பத்து வயது, ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாலியல் சம்பந்தமான கேள்விகளும் இருந்தன. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இந்த விஷயங்களைப் பிள்ளைக்கு நாங்கள் மட்டுமே சொல்லித்தருவோம் என்று கேட்கும் அடிப்படை உரிமை பெற்றோருக்குக் கிடையாது என்று நீதிபதி ஸ்டீபன் ரைன்ஹார்ட் எழுதிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பைப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, எனக்கும் ஒரு காப்பி தந்தார். படித்தபோது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. என் பெண் அப்போது இரண்டாம் வகுப்பு.

பிராப் 73-க்கு 47 சதவீதம்தான் கிடைத்தது. அன்றைக்கு எட்டுமே தோற்றன. பலகையைப் பிடுங்கி கராஜில் வைத்தவர், "மறுபடி வேண்டியிருக்கும்" என்றார். வேண்டியிருந்தது. 2006-ல் பிராப் 85, 2008-ல் பிராப் 4. எண்ணை மட்டும் புதிதாக ஒட்டி அதே பலகையை நட்டார். மூன்றும் தோல்வி.

2005-க்கே திரும்புகிறேன். பிராப் 73 தோற்ற அடுத்த வாரமே ஈராக் வந்து சேர்ந்தது. அங்கே இறந்த அமெரிக்க வீரர்கள் எண்ணிக்கை அக்டோபர் கடைசியில்தான் 2000-த்தைத் தொட்டிருந்தது. நவம்பர் 17 அன்று எம்.பி. ஜான் மர்த்தா எழுந்து, படைகளைத் திரும்ப அழையுங்கள் என்றார். ஜனநாயகக் கட்சிக்காரர் என்றாலும் அவரும் மரைன், வியட்நாமில் சண்டை போட்டவர். பக்கத்து வீட்டுக்காரரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஹாலிவுட்காரன் சொன்னால் விட்டுவிடலாம், ஒரு மரைன் சொல்லலாமா?" மறுநாள் ராத்திரி எங்கள் சான் டியேகோ எம்.பி. டங்கன் ஹண்டரின் பெயரில், 'உடனே வாபஸ்' என்று ஒரு தீர்மானத்தை ரிபப்ளிகன்களே கொண்டுவந்து, அவர்களே தோற்கடித்தார்கள். 403-க்கு 3. மர்த்தா கேட்டது அப்படி இல்லையே என்றேன். "ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்" என்றார். எனக்கு அது வெறும் நாடகமாகத்தான் பட்டது, இன்றும் அப்படித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் மகனுக்கு அப்போது பதினேழு. 2002-ல் வந்த கல்விச் சட்டப்படி, மத்திய நிதி வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள் பிள்ளைகளின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பட்டாளத்து ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குக் கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு. இந்த வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பையனும் மரைனில் சேரத் துடித்தான். ஆனால் பதினேழு வயதில் சேர பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இருவரும் இருந்தால் இருவரும்.

ஆள்சேர்ப்பு சார்ஜெண்ட் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் கோப்பைப் பிரித்திருக்கிறார். அப்பா போட்டுவிட்டார். அந்த அம்மாள் பேனாவை வாங்கி, மூடியைத் திருகி, கோப்பின் மேலேயே வைத்துவிட்டாராம். என் மனைவியிடம் அவரே சொன்னது: "பதினெட்டு வந்தால் அவன் முடிவு. அதுவரைக்கும் என் முடிவு. நாங்கள் பிராப் 73-க்கு ஓட்டுப் போட்டதே இதற்குத்தானே?" அவரும் போருக்கு ஆதரவுதான், கணவரைவிட ஒரு படி மேலே. அப்படியும் போடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நாள் வேலிப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒருநாள் இலை வாரிக்கொண்டே, "பிடிக்கவில்லை, ஆனால் அவள் சொல்வது சரி" என்றார். பையன் பதினெட்டு முடித்துப் போனான்.

ஆபீஸில் இதைச் சொன்னால், கருவைக் காப்போம் என்கிறவன் பிள்ளையைப் போருக்கு அனுப்புகிறான் பார் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான்: ஏற்றுக்கொண்டதைப் பாதியில் கைவிடக் கூடாது. கரு, பிள்ளை, போர், எதுவானாலும். நான் அவரோடு பிரிகிற இடம் வேறு. சட்டம் என்றதும் அவர் மனதில் வருவது தன் வீடு மட்டும்தான். மகள் அழுதுகொண்டே வந்தால் மடியில் சாய்த்துக்கொள்கிற அம்மா இருக்கும் வீடு. எல்லா வீடும் அப்படியா?

சான் ஹோசே நர்ஸ்:

இல்லை சார். அதைத்தான் நான் எழுத வந்தேன்.

என் கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் அக்கா தீவிர கத்தோலிக்கர். கருக்கலைப்பில் பங்கெடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க கலிஃபோர்னியா சட்டத்திலேயே இடமிருக்கிறது. அவர் எழுதிக் கொடுத்தவர். மூன்று தடவையும் ஆம் போட்டவர்.

2008 கோடையில் ஒரு பெண் வந்தாள், பதினைந்து வயது, ஸ்கூல் பேக்கோடு. துணைக்குச் சித்தி. "அம்மாவுக்கு லெட்டர் எதுவும் போகாதே?" என்றுதான் முதலில் கேட்டாள். போகாது, மெடி-கால் என்ற மாநில மருத்துவ உதவித் திட்டத்திலேயே சிறார் தாங்களே சம்மதம் தரும் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு, வீட்டு இன்சூரன்ஸுக்கு பில் வராது. அதைச் சொன்னதும்தான் பேக்கைத் தோளிலிருந்து இறக்கினாள். அந்த அக்கா டாக்டரின் அறைக்குள் வரமாட்டார், ஆனால் வெளியே உட்கார்ந்து அவளுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்தார். "வீட்டில் கை நீட்டுவார்களா?" என்று கேட்டார். பதில் இல்லை. எழுந்து போய் சோஷியல் ஒர்க்கரைக் கூட்டிவந்தார். கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே நாங்கள் புகார் கொடுத்தாக வேண்டும், அது எங்கள் வேலைச் சட்டம்.

நவம்பரில் பிராப் 4-க்கும் ஆம் போட்டார். "அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுமா?" என்றேன். "இந்தத் தடவை சித்தியிடம் சொன்னால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள், படித்தாயா?" என்றார். படித்திருந்தேன். அம்மா அப்பாவுக்குப் பதில் வேறொரு பெரியவருக்குத் தகவல் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அதற்குப் பெற்றோர் கொடுமை செய்கிறார்கள் என்று அந்தப் பெண் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அது புகாராகப் போய்விடும். எந்தப் பிள்ளை எழுதும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, என் வேறு கேள்விகளுக்கு இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் பெண்ணைக் கூட்டிவருகிறவன் அவளைக் கெடுத்தவனாகவே இருந்தால் யார் கண்டுபிடிப்பார் என்றார். நியாயமான பயம்தான் அது.

நம் ஊர் ஆட்களுக்கு ஒன்று. "இந்தியாவில் இப்படி எல்லாம் உண்டா?" என்று கேட்காதீர்கள். 1971 கருக்கலைப்புச் சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே என்றால் அங்கே காப்பாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அது தெரியாமல் அமெரிக்கப் பழமைவாதியைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

டாலஸ் மாப்பிள்ளை:

டெக்சாஸில் கதையே வேறு. 1999-லேயே தகவல் சட்டம் வந்தாயிற்று. 2005 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை, கவர்னர் ரிக் பெர்ரி அதைச் சம்மதச் சட்டமாக மாற்றிக் கையெழுத்துப் போட்டார், ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி ஜிம்முக்குள்ளே! என் டீம் லீடர் குடும்பத்தோடு போய்வந்து மறுநாள் ஆபீஸில் போட்டோ காட்டினார். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிற குடும்பம்.

அந்த ஆகஸ்டில் சிண்டி ஷீஹன் கிராஃபோர்டில் புஷ் பண்ணைக்குப் போகும் ரோட்டோரம் கூடாரம் போட்டார். மகன் கேசி 2004 ஏப்ரலில் ஈராக்கில், பாக்தாதின் சதர் நகரத்தில் சண்டையில் இறந்தவன். இன்னொரு தடவை ஜனாதிபதியைப் பார்க்க வேண்டும், என் மகன் எதற்காகச் செத்தான் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மா கேட்டது. பெற்றோர் பெற்றோர் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற டீம் லீடர், "அவளை யாரோ ஆட்டிவைக்கிறார்கள்" என்றார். அங்கே இறந்தவர்கள் பெயரில் வெள்ளைச் சிலுவைகள் நட்டிருந்தார்கள். டெக்சாஸ்காரத் தந்தை ஒருவர், என் மகன் பெயரை இதற்குப் பயன்படுத்தாதே என்று அந்தச் சிலுவையைப் பிடுங்கிப் போனார், திரும்ப நட்டால் திரும்பப் பிடுங்கினார். அவர் பெற்றோர், அந்த அம்மா அரசியல்வாதியா? நான் கேட்டுவிட்டேன். அப்ரைசல் நேரம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது :) நல்லவேளை, அதை வைத்து எதுவும் பண்ணவில்லை.

நாஷுவா:

எல்லா ரிபப்ளிகனும் ஒரே அச்சு இல்லை என்பதற்கு எங்கள் நியூ ஹாம்ப்ஷயர். நம்பர் பிளேட்டிலேயே 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ' என்று போட்டிருக்கும். 2003-ல் இங்கேயும் 48 மணி நேரத் தகவல் சட்டம் வந்தது. பெண்ணின் உடல்நிலைக்கு அவசர ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை, உயிர் போகும் நிலைக்கு மட்டும் விதிவிலக்கு. அமலுக்கு வரும் முன்பே கோர்ட் நிறுத்திவிட்டது. அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த கெல்லி அயோட் (இப்போது எங்கள் கவர்னர்) உச்ச நீதிமன்றம் வரை போனார். 2006 ஜனவரியில் ஒன்பது பேரும் சேர்ந்து, முழுச் சட்டத்தையும் தூக்கி எறிய அவசியமில்லை, மறுபடி பாருங்கள் என்று கீழே அனுப்பினார்கள். அதற்குள் சட்டசபை மாறி, 2007-ல் சட்டத்தையே நீக்கிவிட்டது. 2011-ல் கவர்னரின் வீட்டோவை மீறித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு துப்பாக்கிப் பிரியர், வாழ்நாள் ரிபப்ளிகன், "என் மகள் என்னிடம் பேச சர்க்கார் உத்தரவு போட வேண்டுமென்றால், நான் அப்பனாகவே தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்" என்பார். ஈராக்கும் அவருக்குப் பிடிக்காது, வீண் செலவு என்பார்.

யாழ் – லாஸ் ஏஞ்சலிஸ்:

போவே அண்ணை, அந்தத் தாய் பேனையை மூடி வைத்ததை இரண்டு தரம் வாசித்தேன். வன்னியில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வந்து நின்றவர்கள் எந்தத் தாயிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. எங்கட ஆட்கள் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்ததும் அதற்குப் பயந்துதான். அதனால் இந்த நாட்டில் 'பெற்றோர் உரிமை' என்று ஒருவர் பலகை நட்டால் என்னால் உடனே பழமைவாதி என்று தள்ள முடிவதில்லை. கருக்கலைப்பில் நான் நர்ஸ் அக்காவின் பக்கம்தான்.

அந்தப் பொடியன் திரும்பி வந்தானா?

போவே வாசி:

வந்தான் தம்பி. 2007-ல் அன்பார் மாகாணத்துக்குப் போய் முழுசாகத் திரும்பினான். இப்போது எஸ்கோண்டிடோவில் ஏசி ரிப்பேர் தொழில். 2022-ல் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்க்கும் பிராப் 1 வந்தபோது அப்பா வழக்கம்போல எதிர்ப்பலகை நட்டார், அது மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு ஜெயித்தது. அம்மா என்ன போட்டார் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டார்.

மகனுக்கு இப்போது உயர்நிலைப் பள்ளி போகும் பையன் இருக்கிறான். சேர்க்கையன்றே பட்டாளத்துக்கு விவரம் தர வேண்டாம் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டானாம். தாத்தாவுக்குக் கோபம். "சேர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதலில் என்னிடம் வரட்டும்" என்றானாம் மகன். பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.