மண்டபம் ஏலக்கூடம்: கட்டுமானத்துக்கு வாட்டர்ஃபால், மென்பொருளுக்கு அஜைல் என்று கலக்கலாமா?

மண்டபம் திட்டப் பொறுப்பாளர்:
எங்கள் மீனவர் உற்பத்தியாளர் நிறுவனம் மண்டபத்தில் மீன் ஏலக்கூடம் கட்டுகிறது. ஏலக் கணக்கைப் பதிய ஒரு மென்பொருளும் உருவாகிறது. எந்தத் தவணைக்குள் எது முடியும் என்று தேதியிட்ட அட்டவணையை வங்கி இப்போதே கேட்கிறது. மென்பொருள் குழுவோ, இரண்டு வார ஸ்பிரின்ட்டுக்கு (ஒரு குறுகிய வேலைச் சுற்றுக்கு) அப்பால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்கிறது. ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும்போது புதிய கூடத்திலேயே ஏலம் நடக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் எதிர்பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் முன்பே திட்டமிட்டுக் கட்டம் கட்டமாக முடிக்கும் வாட்டர்ஃபாலையும், சிறு சுற்றுகளாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் அஜைலையும் எப்படி இணைப்பது?

கீழக்கரை கட்டுமான மேலாளர்:
எந்த முடிவை மாற்றினால் செலவு அதிகம் என்பதை வைத்துப் பிரியுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி, அடித்தளம், தரையின் வாட்டம், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றுக்குப் வாட்டர்ஃபால் முறையே பொருத்தம். சங்காயத்தை (வலையில் கலந்து வரும் மலிவான சிறு மீன்களை) கூடைக் கணக்கில் பதிவதா, கிலோ கணக்கில் பதிவதா என்பதெல்லாம் நாலு நாள் பயன்படுத்திப் பார்த்தால்தான் தெளிவாகும். அதை ஸ்பிரின்ட்டுக்கு விடுங்கள். சிக்கல் இரண்டும் உரசும் இடத்தில்தான் வரும். எடை இயந்திரம் எங்கே நிற்கும், அதற்கான மின்கம்பியும் இணையக் கம்பியும் தரைக்கு அடியில் எவ்வழியாகப் போகும் என்பதை மென்பொருள் குழு சொல்ல வேண்டும். அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன் சொல்ல வேண்டும். ஆகவே முதல் ஸ்பிரின்ட்டில் திரை வடிவமைப்பை ஒதுக்கிவைத்து, ஏலக்காரரையும் வியாபாரிகளையும் அழைத்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கூடை இறங்குவதிலிருந்து சீட்டு கைக்கு வருவது வரை ஒருமுறை நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இராமநாதபுரம் மென்பொருளாளர்:
வங்கிக்குத் தேதியும் தொகையும் மாறாமல் இருக்கட்டும். மென்பொருளின் வசதிகள் மட்டும் கூடவோ குறையவோ செய்யட்டும். “60 விழுக்காடு முடிந்தது” என்பது யாருக்கும் பொருள்படாது. “ஒரு படகின் மீனை எடையிட்டு, ஏலம் முடித்து, வியாபாரி கொடுத்த முன்பணத்தைக் கழித்து, உரிமையாளருக்குச் சேர வேண்டிய தொகையைச் சீட்டாக எடுக்க முடிகிறது” என்று எழுதினால் வங்கி அதிகாரி நேரில் வந்தே சரிபார்க்கலாம். ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடை நாட்டுப்படகுகளுக்கு இல்லையாதலால், அந்த ஏலத்தில் மென்பொருளைப் பழக்குங்கள். சரக்கு குறைவு, பிழையின் விலையும் குறைவு. பல விசைப்படகுகள் ஒரே நேரத்தில் சரக்கு இறக்கும் நெரிசலை மட்டும் அப்போது சோதிக்க முடியாது. எனவே ஜூனுக்குப் பிறகும் சில வாரங்கள் கைக்கணக்கு நோட்டு கூடவே இருக்கட்டும்.

தொண்டி வாசகர்:
இணைப்பு முறை என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது, தேவைகளை முன்பே பூட்டிவிட்டு, அஜைல் என்று சொல்லித் தினமும் கால்மணி நேரம் நின்றுகொண்டு கூட்டம் போடுவதுதான். வாட்டர்ஃபாலுக்கு மூலமாகக் காட்டப்படும் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது ஆபத்து என்று அதை எழுதிய கணினி அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸ் எச்சரித்திருக்கிறார். எந்த மாற்றத்தைக் குழு தானே செய்யலாம், எது இயக்குநர் குழுவுக்குப் போக வேண்டும் என்பதை முதலில் எழுதிவையுங்கள். தேதியையோ பணத்தையோ தரையையோ தொடும் மாற்றம் மேலே போகட்டும். மற்றவற்றுக்கு ஒருவரே பொறுப்பு.

மண்டபம் திட்டப் பொறுப்பாளர்:
நன்றி. அந்த ஒருவராக எங்கள் ஏலக் கணக்கரையே முன்மொழியப் போகிறேன். ஸ்பிரின்ட் மதிப்பாய்வை, கணக்கு முடித்து அவர் ஓயும் பிற்பகலில் வைத்துக்கொள்கிறோம்.