பெல்லட் அடுப்பு குறைந்த சூட்டில் கரி கக்குகிறது, உதவி தேவை

கேள்வி: கவார்த்தா வாசி

வணக்கம். ஒன்ராறியோவில் கவார்த்தா ஏரிகள் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கி, இந்தக் கோடையில் குடிவந்தோம். எங்கள் வீதிக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன பெல்லட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சித் துண்டுகளை எரிப்பது) ஒன்று கூடத்தில் இருக்கிறது. சூட்டளவு 1 முதல் 5 வரை வைக்கலாம். 4, 5 இல் நன்றாக எரிகிறது, ஆனால் வீட்டுக்குள் இருக்க முடியாத வெக்கை. 1 இல் வைத்தால்தான் பிரச்சினை. தீ நீளமாக, சோம்பலாக, செம்மஞ்சளாக ஆடுகிறது. நுனியில் கறுப்புப் புகை. காலையில் மூட்டினால் பின்னேரத்துக்குள் கண்ணாடி கறுத்து, உள்ளே தீ இருப்பதே தெரியாது. எரியும் கிண்ணத்தில் பாதி எரிந்த பெல்லட் மேடாகக் குவிகிறது. சாம்பலும் கறுப்பாக, கொரகொரவென்று இருக்கிறது.

அம்மாவுக்கு 76 வயது, முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர். பகல் முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத்தான் இருப்பார். முந்தாநாள் "புகை மணக்குது" என்றார். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

கண்ணாடியைத் துடைத்தேன், கிண்ணத்தைச் சுரண்டினேன், சாம்பல் தட்டைக் கொட்டினேன். அடுத்த நாளே பழையபடிதான். விளக்கமாகச் சொல்லுங்கோ.

பதில்: ஹாலிஃபாக்ஸ் அக்கா

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. அந்தக் கூடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்கிப் பூட்டுங்கள். அம்மா படுக்கும் அறைக்கு வெளியிலும் ஒன்று வேண்டும். புகை மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அடுப்பை மூட்டவே வேண்டாம். இரண்டு நாள் மின்சார ஹீட்டரில் சமாளியுங்கள், பில் கூடினாலும் பரவாயில்லை.

பதில்: மரத்தூள்

அக்கா சொன்னதுதான் முதல் வேலை. நான் நியூ பிரன்சுவிக்கில் இருக்கிறேன், 11 குளிர்காலமாகப் பெல்லட்தான் எரிக்கிறேன். நீங்கள் சொல்லும் தீயை நன்றாகத் தெரியும். அது காற்றுக்குத் தவிக்கும் தீ.

குறைந்த சூட்டில் ஏன் இப்படி ஆகிறது என்றால், தொட்டியிலிருந்து பெல்லட்டைக் கொண்டுவரும் திருகு அதை விட்டு விட்டுத்தான் தள்ளுகிறது. 5 இல் அந்த இடைவெளி மிகச் சிறியது. 1 இல் சில நொடி தள்ளிவிட்டு, பிறகு நெடுநேரம் நிற்கும். அந்த இடைவெளியில் தீ சிறுத்து, எரியறையின் சூடு இறங்கும். அடுத்த பிடி பெல்லட் வந்து விழும்போது அதை உடனே பற்றவைக்கச் சூடு போதாது. அது கொஞ்ச நேரம் கனன்று புகையும். அந்தப் புகைதான் கண்ணாடியில் கரியாகப் படிகிறது. சூடு கூடுதலாக இருக்கும்போது அடுப்பு தன் சிறிய குறைகளை எரித்து மறைத்துவிடும். 1 இல் வைக்கும்போது தேய்ந்த கேஸ்கட் (காற்றுக் கசியாமல் இணைப்பை மூடும் கயிறு அல்லது பட்டை), அடைபட்ட துளை, மோசமான பெல்லட் எல்லாமே வெளியே தெரியும்.

உங்கள் அடுப்பில் ட்ரிம் என்றொரு அமைப்பு இருக்கும். தீனியைக் கூட்டிக் குறைக்க ஒன்று, விசிறிக்கு ஒன்று. எல்லாரும் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். தயவுசெய்து இப்போது தொடாதீர்கள். அழுக்கோடு இருக்கும் அடுப்புக்கு ட்ரிம் வைத்தால், துப்புரவாக்கிய பிறகு அந்த அளவு பொருந்தாது.

நீங்கள் செய்தது வாராந்தத் துப்புரவு. இது பருவத் துப்புரவு கேட்கிறது. பிளக்கைக் கழற்றி, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு எரியறையின் பின்பக்கத் தகடுகளைக் கழற்றுங்கள். பெரும்பாலான அடுப்புகளில் அவற்றுக்குப் பின்னால் புகை போகும் வழி ஒன்று மடங்கி மடங்கிப் போகும். அங்கே மாவு போலச் சாம்பல் நிரம்பியிருக்கும். புகையை வெளியே இழுக்கும் விசிறியையும் கழற்றி அதன் இலைகளைப் பாருங்கள். அந்த விசிறிக்கு ஒரு கேஸ்கட் உண்டு, புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு கழற்றுங்கள். கிண்ணத்தின் துளை ஒவ்வொன்றையும் அதே அளவுள்ள துளையூசியைக் கையால் சுழற்றித் திறக்க வேண்டும். மேலே சுரண்டினால் துளையின் வாய் தெரியும், உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும்.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வெளியே, மரத்தளம் இல்லாத இடத்தில் வையுங்கள். அணைந்ததாகத் தெரியும் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுக்கவே கூடாது.

பதில்: குழாய்க்காரர்

விறகு, பெல்லட் அடுப்புகளைச் சோதிக்கும் வெட் (WETT) சான்றிதழ் எடுத்து இந்த வேலையே செய்கிறேன். மரத்தூள் அண்ணா சொன்ன வரிசை சரி. புகை மணம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் தவறான இடத்தைத் தேடுகிறார்கள்.

பெல்லட் அடுப்பில் இரண்டு வகைக் கசிவு உண்டு. விசிறிக்கு முன்னால் உள்ள எரியறை உறிஞ்சும் நிலையில் இருக்கும். ஆகவே கதவுக் கேஸ்கட் தேய்ந்திருந்தால் விசிறி ஓடும்வரை புகை வெளியே வராது, வீட்டுக் காற்று உள்ளே போகும். அந்தக் காற்று கிண்ணத்தின் அடியால் போகாமல் கதவோரமாகவே போய்விடும். பெல்லட்டுக்குக் காற்று போதாமல் போவதற்கு இது பெரிய காரணம். விசிறிக்குப் பின்னால் உள்ள குழாயில் நிலைமை நேர்மாறு. விசிறி அங்கே தள்ளுகிறது. ஒரு பொருத்து தளர்ந்திருந்தால் புகை கூடத்துக்குள் வரும். அம்மா முகர்ந்தது அநேகமாக அதுதான்.

துப்புரவாக்கி முடித்து முதன்முறை மூட்டும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, குழாயின் ஒவ்வொரு பொருத்திலும் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மூட்டும் முதல் சில நிமிடங்களில்தான் புகை அதிகம். நூல் போலக் கசிந்தாலும் ஒளியில் தெரியும். தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

கதவுக்கு ஒரு தாள் துண்டை இடையில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். நான்கு பக்கமும், கீல் பக்கம் உட்பட. கனேடியப் பணத்தாள் வழுக்கும், சாதாரணக் காகிதமே நல்லது.

உங்கள் குழாய் எத்தனை அங்குலம்? எத்தனை வளைவு?

கவார்த்தா வாசி

நன்றி. அலாரம் இரண்டு வாங்கிப் பூட்டிவிட்டேன். அடுப்பு அணைத்தபடிதான் இருக்கிறது. குழாய் 3 அங்குலம். அடுப்பின் பின்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு), அங்கிருந்து 5 அடி மேலே, ஒரு வளைவு, பிறகு 2 அடி கிடையாகச் சுவரைத் துளைத்து வெளியே.

பதில்: குழாய்க்காரர்

புகைக்கு ஏற்படும் தடையை நேர்க் குழாய் நீளமாக மாற்றிக் கணக்கிட்டால், டீக்கு 5, வளைவுக்கு 5, ஏறும் குழாய்க்கு அடிக்கு அரை என்று 2.5, கிடைக்கு 2. மொத்தம் 14.5 அடி. இந்தக் கணக்கில் 15 தாண்டினால் 4 அங்குலக் குழாய் போட வேண்டும் என்பது வழக்கம். நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள், ஆனால் மயிரிழையில். குழாயில் கொஞ்சம் சாம்பல் படிந்தாலே இழுவை குறைந்துவிடும். குழாயைத் தூரிகை போட்டுத் துப்புரவாக்குங்கள், டீயின் அடி மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

பதில்: ஹாலிஃபாக்ஸ் அக்கா

தம்பி, சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போடுகிறீர்களா? நம் வீடுகளில் மீன் பொரித்தால், தாளித்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அது ஓடும் நேரமெல்லாம் பெல்லட் தீ தொங்கிப் போகும். இரண்டு விசிறியும் ஒரே வீட்டுக் காற்றுக்குப் போட்டி போட்டால் பெரியதுதான் வெல்லும். ஒரு ஜன்னலை இரண்டு விரலளவு திறந்து பாருங்கள். தீ உடனே பளிச்சென்று நிமிர்ந்தால் வீட்டில் காற்றுப் பஞ்சம். நான் வெளியிலிருந்து அடுப்புக்கு நேரே காற்றுக் குழாய் போட்ட பிறகுதான் சரியானது.

பெல்லட்டையும் சோதியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு போட்டால் நல்ல பெல்லட் நேரே அடியில் போய் உட்காரும். பிறகு ஊதிக் குலைந்து மரத்தூளாகிவிடும், அது இயல்பு. மிதந்தால் அது சரியாக இறுகாத பெல்லட். இதில் பொதுவாகப் பசை எதுவும் சேர்ப்பதில்லை, மரத்திலுள்ள லிக்னின்தான் அழுத்தத்திலும் சூட்டிலும் இளகிப் பிடித்துக்கொள்கிறது. ஈரமான கராஜில் மூட்டையை வைத்தால் அந்தப் பிடி விடும். பிரீமியம் தரம் என்றால் ஈரம் 8 சதவீதத்துக்கும் சாம்பல் 1 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. மூட்டையின் அடியில் தூள் எவ்வளவு என்றும் பாருங்கள்.

கவார்த்தா வாசி (நான்கு நாள் கழித்து)

சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது. பின்தகட்டைக் கழற்றியதும் சாம்பல் சரிந்து என் மடியில் விழுந்தது. அவ்வளவும் சேர்ந்து ஒரு பெயின்ட் வாளியில் முக்கால்வாசி வந்தது. மெல்லிய சாம்பல், தொட்டால் தண்ணீர் போல ஓடுகிறது. புகை போகும் வழியில் இரண்டு விரல் நுழையும் இடம்கூட மிஞ்சியிருக்கவில்லை. விசிறியின் இலைகளில் கரி தார் போல ஒட்டியிருந்தது. கிண்ணத்தில் 30 துளைகளுக்கு மேல், பாதிக்கு மேல் அடைப்பு.

கதவில் கீல் பக்கம் தாள் அப்படியே வழுக்கி வந்தது. புதுக் கேஸ்கட் கயிறு ஒட்டினேன். டீயின் அடி மூடி சரிந்து உட்கார்ந்திருந்தது. யாரோ துப்புரவாக்கிவிட்டு அரைகுறையாக மாட்டியிருக்கிறார்கள். அம்மாவின் கதிரைக்கு நேர் பின்னால். அதைப் பார்த்தபோது கை நடுங்கியது. நேராக்கி, சூடு தாங்கும் சிலிக்கோன் பூசி, ஒரு நாள் விட்டு, இருட்டில் டார்ச் பிடித்து மூட்டினேன். எந்தப் பொருத்திலும் புகை இல்லை.

இப்போது 3 இல் தீ மஞ்சளும் வெள்ளையுமாகக் குட்டையாக எரிகிறது, தணல் கிண்ணத்துக்குள் துள்ளுகிறது. 1 இல் முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் இன்னும் மேடு கட்டுகிறது, இரண்டாம் நாள் கண்ணாடி கறுக்கிறது. சமையலறை விசிறியை நிறுத்தியும் பெரிய மாற்றம் இல்லை.

பதில்: மரத்தூள்

அப்படியானால் இப்போது ட்ரிம் பக்கம் போகலாம். அதற்கு முன் ஓர் அளவு எடுங்கள். தொட்டியைக் காலியாக்கி, முழு மூட்டை ஒன்றைக் கொட்டி, 1 இல் மட்டும் ஓடவிட்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று எழுதுங்கள். கையேட்டில் 1 க்கு எவ்வளவு தீனி என்று போட்டிருக்கும். ஒரு கைப்பிடி பெல்லட்டை அளந்து நீளமும் சொல்லுங்கள்.

கவார்த்தா வாசி

18 கிலோ மூட்டை 17 மணி நேரத்தில் முடிந்தது. கையேட்டில் 1 க்கு மணிக்கு 1.5 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 0.7 கிலோ. அந்தக் கணக்கில் 26 மணி நேரமாவது தாங்க வேண்டும். பெல்லட் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்தான். கராஜில் முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன மூட்டை ஒன்று கிடந்தது, அதில் எல்லாம் இரண்டரை சென்டிமீட்டர். தீனி ட்ரிம் இரண்டு படி கூட்டி வைத்திருக்கிறது, நான் தொடவில்லை.

பதில்: மரத்தூள்

கிடைத்துவிட்டது. நீளமான பெல்லட் திருகின் வாயில் குறுக்கே நின்று இடம் விடும், ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகத்தான் போகும். முந்தையவருக்கு 1 இல் தீ அணைந்து அணைந்து போயிருக்கும், அதனால் தீனியைக் கூட்டியிருப்பார். நீங்கள் குட்டைப் பெல்லட் போடுகிறீர்கள். அது இடைவெளி விடாமல் நெருங்கி விழும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மடங்கு தீனி போகிறது, காற்று மட்டும் 1 க்கு உரியதுதான்.

தீனியை ஒரு படி குறைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு இன்னொரு படி. ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டு பெல்லட் விழும் இடைவெளியில் தீ அணையும் நிலைக்குப் போனால் ஒரு படி திரும்பி வாருங்கள். தீனி சரியான பிறகும் தீ சோம்பலாக இருந்தால்தான் விசிறி ட்ரிம்மைக் கூட்ட வேண்டும். அளவு மீறிக் கூட்டினால் எரியாத பெல்லட்டையே கிண்ணத்திலிருந்து ஊதித் தள்ளும், சூடும் குழாய் வழியே போய்விடும்.

பதில்: குழாய்க்காரர்

ஒக்டோபர், ஏப்ரல் மாதங்களுக்கு ஒரு யோசனை. வெளியே 10 பாகை இருக்கும்போது பல பெல்லட் அடுப்புகள் 1 இல் நாள் முழுக்கச் சுத்தமாக ஓடமாட்டா. அப்போது தெர்மோஸ்டாட்டில் போட்டு, 3 இல் ஒரு மணி நேரம் எரிந்து தானாக அணைந்து மீண்டும் மூட்டிக்கொள்ளும்படி விடுங்கள். மூட்டும் கம்பி சீக்கிரம் தேயும், உண்மை. ஆனாலும் மாதக்கணக்கில் கரி படிவதைவிட அதை மாற்றுவது மலிவு. நடுக் குளிர்காலத்தில் 1 இல் ஓட்டினாலும் நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் 4 இல் வையுங்கள், படிந்த கரி எரிந்து போகும்.

கவார்த்தா வாசி (ஒரு வாரம் கழித்து)

தீனி இரண்டு படி குறைத்தேன். விசிறி ட்ரிம்மைத் தொடவே தேவைப்படவில்லை. மூட்டை இப்போது 25 மணி நேரம் தாங்குகிறது. கண்ணாடியில் நாலாம் நாளும் மெல்லிய சாம்பல் பூச்சுதான், விரலால் தடவினால் வந்துவிடுகிறது. சாம்பல் வெளிர் சாம்பல் நிறமாக, ஊதினால் பறக்கிறது. சாயங்காலம் அரை மணி நேரம் 4 இல் வைப்பது அம்மாவின் பொறுப்பு, தேத்தண்ணி போடும் நேரம்தான் அவருக்குக் கணக்கு. கதிரையை மட்டும் குழாயிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டோம். அங்கிருந்தும் தீ தெரிகிறது என்கிறார்.