டப்பாவும் பழைய ஹெட்ஃபோனும்: மவுத் ஆர்கனுக்கு வீட்டிலேயே மைக்

முதல் பதிவு

காதை மூடுகிற பழைய ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் செத்திருந்தாலும் பரவாயில்லை, மறுபக்கம் போதும். உள்ளே இருக்கும் 40 மில்லிமீட்டர் வட்டம் ஒரு குட்டி ஸ்பீக்கர். டைனமிக் மைக்கிலும் இதே காந்தம், இதே சுருள், இதே மெல்லிய படலம்தான். மின்சாரம் கொடுத்தால் பாடும். எதிரே பாடினால் மின்சாரம் தரும். மவுத் ஆர்கனோடு சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடிக்கிற மைக்குக்கு இதைவிட எளிதான பொருள் வீட்டில் கிடைக்காது.

வேண்டியவை: 32 ஓம் ஹெட்ஃபோன் ஸ்பீக்கர் ஒன்று. 50 முதல் 60 மில்லிமீட்டர் உள்விட்டமும் 30 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள தகர டப்பா. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் கழற்றிய 1000 ஓம் - 8 ஓம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். 3 மீட்டர் ஷீல்டு ஒயர் (உள் ஒயரைச் சுற்றிக் கம்பி வலை இருப்பது, அந்த வலைதான் ஷீல்டு), 6.35 மில்லிமீட்டர் ஜாக், சைக்கிள் டியூப் ஒரு துண்டு. டப்பா 60-ஐத் தாண்டினால் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் அடக்க முடியாது. ஓரத்தில் காற்று ஒழுகும், பாதி சத்தம் அதிலேயே போய்விடும்.

ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொட்டால் 30 ஓம் பக்கம் காட்டும், லேசாக 'டிக்' என்று கேட்கும். எதுவும் காட்டவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

மூடியில் 3 மில்லிமீட்டர் துளைகள் 15, 20 போடவும். ஆணியால் அடித்தால் உள்பக்கம் பிசிறு நிற்கும். அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் படலத்தைக் கிழித்துவிடும். துளைகளுக்கு உள்ளே மெல்லிய துணி ஒன்று ஒட்டுங்கள், எச்சில் தடுக்க. டியூபில் ஒரு வளையம் வெட்டி ஸ்பீக்கரை அதன்மேல் உட்கார வையுங்கள். வளையத்தின் வெளி அளவு டப்பாவுக்குச் சரியாக, உள் அளவு 36 மில்லிமீட்டர். இந்த வளையம்தான் மைக்கின் உயிர். படலத்தின் முன்னால் அழுத்தம் கூடும்போது அந்தக் காற்று பின்பக்கமும் போய்ச் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கீழ் ஸ்தாயி முழுக்கக் காணாமல் போய் தகரச் சத்தம் மட்டும் மிஞ்சும். மெல்லிய சத்தம் வருகிறது என்று சொல்லும் பத்துப் பேரில் ஒன்பது பேர் டப்பாவில் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, இந்த ஒழுகலில் இருக்கும்.

ஸ்பீக்கரின் முதுகில் காகிதம் ஒட்டிய சின்னத் துளைகள் இருக்கும். அவற்றைப் பசை போட்டு அடைக்கக் கூடாது, படலம் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான்.

இணைப்பு, எல்லாம் டப்பாவுக்குள்ளேயே: ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களும் டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் பக்கம். எந்தப் பக்கம் எது என்று தெரியாவிட்டால் மீட்டரில் அளக்கவும். 8 ஓம் பக்கம் ஒரு ஓம் அளவில் காட்டும், மறுபக்கம் பல பத்து ஓம் காட்டும். அந்த மறுபக்கத்தில் பெரும்பாலும் மூன்று ஒயர் வரும். நடு ஒயரை வெட்டி டேப் சுற்றிவிட்டு மற்ற இரண்டையும் வால்யூம் கன்ட்ரோலின் இரு ஓரக் கால்களுக்குக் கொடுங்கள். நடுக்கால் ஜாக்கின் முனைக்கு. ஓரக் கால்களில் ஒன்று ஷீல்டுக்கும் டப்பாவின் தகரத்துக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு? 1000-ஐ 8-ஆல் வகுத்தால் 125, அதன் வர்க்கமூலம் சுமார் 11. ஸ்பீக்கர் தரும் வோல்டேஜ் கிட்டத்தட்ட 11 மடங்காகும். கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எதிர்பார்ப்பது அந்த அளவைத்தான். இது இல்லாமல் நேராகக் கொடுத்தாலும் சத்தம் வரும். ஆனால் ஆம்பை முழுக்கத் திருப்ப வேண்டிவரும், இரைச்சலும் கூடவே ஏறிவரும்.

மறுமொழி

ஸ்பீக்கரில் பற்றவைக்கும்போது ஒரு எச்சரிக்கை. தலைமுடி மாதிரி வருகிற சுருள் ஒயரும் நாம் ஒயர் வைக்கிற அதே ஈயப் பொட்டில்தான் முடிகிறது. சூடான முனையை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் அது கழன்றுவிடும், மறுபடி ஒட்டுவது முடியாத காரியம். புது ஒயரின் முனையில் முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டுத் தொட்டவுடன் எடுத்துவிடுங்கள். ஹெட்ஃபோனோடு வந்த ஒயரையே பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: அந்த இழைகள்மேல் வண்ண அரக்குப் பூச்சு உண்டு, நடுவில் நூல் உண்டு. பூச்சு எரிந்தால்தான் ஈயம் பிடிக்கும். பற்றவைத்தேன், வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

தகர டப்பாவின் உள்பூச்சைச் சுரண்டாமல் ஷீல்டை ஒட்டினாலும் பயனில்லை. சுரண்டினால் வெள்ளீயம் பூசிய தகரத்தில் ஈயம் அழகாகப் பிடிக்கும். அலுமினியத்தில் பிடிக்கவே பிடிக்காது. திருகும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். தகரம் ஷீல்டோடு சேராவிட்டால் கை பட்டவுடன் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கூடும். சரியாகச் சேர்ந்தால் கை படும்போது குறையும். சோதனையே அதுதான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. உலோக டப்பா கையில், உலோகத் தகடு போட்ட மவுத் ஆர்கன் ஈர உதட்டில். டப்பா ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கிறது. எர்த் இல்லாத பழைய ஆம்ப், குறிப்பாக வால்வு ஆம்ப், உள்ளே கசிந்தால் அடி நேராக வாயில் விழும். மூன்று முள் பிளக்கும் நல்ல எர்த்தும் இல்லாத ஆம்பில் உலோக மைக் வேண்டாம். மேடையில் இருக்கும் வேறொரு மைக்கிலும் பாடப் போகிறீர்கள் என்றால் இரண்டு மைக்கின் உலோகத்துக்கும் இடையே ஏ.சி. வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

மறுமொழி

பீஸோ தகடு பற்றி யாரும் சொல்லவில்லையே. வாழ்த்து அட்டை, அலாரம், பஸ்ஸர் எதை உடைத்தாலும் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு. மலிவு, அடிபட்டாலும் தாங்கும். ஆனால் இதை அப்படியே டப்பாவில் ஒட்டினால் கை உரசும் சத்தம்தான் அதிகம் கேட்கும், காற்றின் சத்தம் குறைவு. அது அதிர்வை உணர்கிற பொருள். தகட்டின் விளிம்பை மட்டும் ரப்பர் வளையத்தில் பிடிக்கச் செய்து நடுவை விட்டுவிட வேண்டும். அப்போது தகடே படலமாகிவிடும். 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கீச்சென்று ஓர் எழுச்சி இருக்கும்; தகட்டின் பின்னால் சின்ன பஞ்சுத் துண்டை லேசாகத் தொடுமாறு வைத்தால் அடங்கும்.

இதைக் கண்ட இடத்தில் செருகக் கூடாது. தகட்டின் மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட். கிட்டார் ஆம்பின் 1 மெகா ஓமில் செருகினால் 8 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும், பிரச்சினையே இல்லை. அதே தகட்டை 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். சி கட்டையில் 10 துளை மவுத் ஆர்கனின் முதல் துளை 262 ஹெர்ட்ஸ், கடைசித் துளை 2093. அதாவது வாத்தியத்தின் கீழ்ப்பாதி போச்சு. பீஸோவுக்கு வால்யூம் கன்ட்ரோல் வைப்பதானால் 1 மெகா ஓமுக்குக் குறைவாக வைக்காதீர்கள்.

பழைய கிரிஸ்டல் மைக்குகளும் இதே குடும்பம்தான். ஆஸ்டாட்டிக் ஜேடி-30 மாதிரியானவற்றில் உள்ளே ரோஷெல் உப்புப் படிகம். வெயிலில் கிடந்தாலும் ஈரம் பட்டாலும் அது கரைந்து செத்துவிடும். பழைய டேப் ரெக்கார்டரோடு வந்த கிரிஸ்டல் மைக் கிடைத்தால் கழற்றுங்கள், ஆனால் பற்றவைக்கும் சூட்டை அதன் பக்கமே காட்டாதீர்கள்.

மறுமொழி

கண்டன்சர் மைக், அதாவது பழைய போனிலும் டேப் ரெக்கார்டரிலும் இருக்கும் 10 மில்லிமீட்டர் எலக்ட்ரெட் குப்பி. இணைப்பு எளிது: 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் குப்பியின் பாசிட்டிவ் காலுக்கு, அதே காலிலிருந்து 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஜாக்குக்கு. குப்பியின் உடம்போடு கோடு சேர்ந்திருக்கும் கால் நெகட்டிவ். அரை மில்லியாம்பியர்தான் குடிக்கும், பேட்டரி மாதக்கணக்கில் வரும்.

பேசுவதற்கு அருமையாக இருக்கும். பொத்திப் பிடித்து ஊதினால் கரகரவென்று உடையும், அதுவும் ரசிக்கும்படியான உடைசல் இல்லை. இந்தக் குப்பிகள் பொதுவாக 110, 120 டெசிபலோடு கை தூக்கிவிடும். உடனே எல்லோரும் செய்வது குப்பியைத் தள்ளி டப்பாவின் அடியில் வைத்து நடுவில் பஞ்சு திணிப்பது. அது எடுபடாது. 262 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.3 மீட்டர். உங்கள் கைக்குள் இருக்கும் அறை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அறை முழுக்க அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான், எங்கே வைத்தாலும் அதே அடி. பஞ்சு மேல் ஸ்தாயியை மட்டும் மழுக்கும். அழுத்தத்தைக் குறைக்க ஒழுகல்தான் வேண்டும்: டப்பாவின் பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, விரலால் மூடித் திறந்து பாருங்கள். போதவில்லை என்றால் இரண்டாவது.

மறுமொழி

மேலே ஒருவர் ஒழுகலே கூடாது என்கிறார், இன்னொருவர் துளை போடச் சொல்கிறார். புதிதாகச் செய்பவர்கள் குழம்ப வேண்டாம், இரண்டும் வேறு வேறு ஒழுகல். படலத்தின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போவது எப்போதும் கெடுதல். முன் அறையிலிருந்து வெளியே போவது சுவை சம்பந்தப்பட்டது. அடைத்தால் தடிமனான, உறுமுகிற சத்தம், திறந்தால் தெளிவு. 1950 வாக்கில் சிகாகோவில் லிட்டில் வால்டர் போன்ற மவுத் ஆர்கன் கலைஞர்கள் சாதாரண அறிவிப்பு மைக்கைக் கைக்குள் பொத்தி ஊதியபோது கிடைத்தது அந்த முதல் வகைச் சத்தம். 1949-ல் வந்த, இன்றும் பேர்போன ஷூர் 520 மைக்கும் மேடை இசைக்கென்று வந்ததில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. அதை டப்பாவுக்குள் வைக்காதீர்கள், ஜாக் முனையில் தனிக் குட்டி டப்பாவில் வையுங்கள். 3 மீட்டர் ஒயரிலும் 32 ஓம் சிக்னல் ஓடினால் இரைச்சல் குறைவாகப் பிடிக்கும். உயர் இம்பீடன்ஸில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி ஓம் கூடிய பிறகு, ஓடினால் ஒயரின் மின்தேக்கம், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் போல, ஒயர் நீள நீள மேல் ஸ்தாயியைத் தின்னும். டப்பாவிலும் இடம் மிச்சம், கனமும் குறையும். என்ன, வால்யூம் கன்ட்ரோலும் அங்கேயே போய்விடும், கைவிரலில் இருக்காது. அது வேண்டும் என்பவர்கள் முதல் முறையிலேயே செய்யுங்கள்.

ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காதவர்கள் பழைய அடாப்டருக்குள் இருக்கும் 230 - 6 வோல்ட் குட்டி டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போடலாம். 6 வோல்ட் பக்கம் ஸ்பீக்கர், 230 பக்கம் ஆம்ப். ஏறக்குறைய 38 மடங்கு. கனமான அடாப்டர் மட்டும். இலேசான புது அடாப்டரில் இது இருக்காது. பிளக் முள்ளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், மறந்து யாரும் சுவரில் செருகிவிடக் கூடாது. ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கறந்து குடிக்கும். தள்ளி வைத்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும்.

மறுமொழி

ஆம்ப் இல்லாமல் போனில் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு: ஹெட்ஃபோன் ஸ்பீக்கரை நேராகப் போனின் மைக் முனையில் கொடுத்தால் போன் அதை மைக் என்று நம்பாது. மைக் என்றால் 1000 ஓமுக்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்; 32 ஓமைக் கண்டால் ஹெட்செட் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்ளும், பாட்டு தானாக ஓடும், நிற்கும். மைக் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள், ஸ்பீக்கரை 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக இணையுங்கள், பாசிட்டிவ் கால் போன் பக்கம். போனின் வோல்டேஜ் சுருளுக்குள் போகாது, போனும் ஏமாந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இங்கே தேவையில்லை.

மறுமொழி

2 அங்குல 8 ஓம் ஸ்பீக்கரும் நடக்கும், பொம்மையிலும் ரேடியோவிலும் வருவது. சத்தம் இருட்டாக, கனமாக இருக்கும். காகிதக் கூம்பு மூச்சின் ஈரத்தை உறிஞ்சி சில வாரத்தில் தொய்யும். முன்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகக் கட்டுங்கள், இழுத்துக் கட்டினால் முரசு மாதிரி அதுவே அதிரும்.

வீல் என்று ஊளையிட்டால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். ஆம்பின் டிரெபிளைக் குறையுங்கள், ஆம்புக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். வாசிக்காத நேரத்தில் கையைத் திறந்து வைத்தால் ஊளை வருகிறதா, மூடினால் வருகிறதா என்று கவனியுங்கள். மூடும்போது மட்டும் வந்தால் வால்யூம் கூடுதல். திறந்தாலும் வந்தால் டப்பாவே அதிர்கிறது. ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் ரப்பர் இல்லாத இடம் எங்கோ இருக்கிறது.

ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் 'ஜிர்ர்' என்று வந்தால் தளர்ந்த மூடி, டப்பாவுக்குள் ஆடும் ஒயர், ஒட்டாமல் நிற்கும் துணி, இந்த வரிசையில் பாருங்கள். ஒயர் டப்பாவை விட்டு வெளியே வரும் துளையில் ஒரு ரப்பர் வாஷரும், உள்ளே ஒரு முடிச்சும் போடாவிட்டால் பற்றவைத்த இடம் முதல் நாளே பிய்ந்துவிடும்.