உள்ளானா, உப்புக்கொத்தியா?

கேள்வி

நாங்குநேரிப் பக்கம் குளத்துப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதி வருகிறேன். கார்த்திகையில் மறுகால் பாய்ந்த குளம் மாசியில் வற்றி, கரையோரம் தொளியாகக் கிடக்கும்போது, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய சிறு பறவைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஊரில் எல்லாவற்றுக்கும் உள்ளான் என்ற ஒரே பெயர்தான். என் குறிப்பேட்டிலும் ‘பழுப்பு, ஓடியது, கொத்தியது’ என்பதற்கு மேல் சொல் விழவில்லை. இவற்றைப் பிரித்துக் காட்டும்படி எழுதுவது எப்படி?

மறுமொழி 1

அண்ணாச்சி, நிறத்தை விட்டுவிட்டு இரையெடுக்கும் விதத்திலிருந்து தொடங்குங்கள். குளிர்காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை மேலே மங்கலாகவும் கீழே வெளுப்பாகவும்தான் இருக்கும். பட்டாணி உப்புக்கொத்தி பெரிய கண்ணும் குட்டை அலகும் உடையது. பார்த்து இரை பிடிப்பதால், நாலைந்து எட்டு விறுவிறுவென்று ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடியும் ஓடும். கொசு உள்ளானுக்கு அந்த நிதானம் கிடையாது. குருணை பொறுக்கும் கோழிக்குஞ்சைப் போலத் தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டே நகரும். விசிறிவால் உள்ளானோ நீண்ட அலகைச் சேற்றில் இறக்கித் துழாவும். அலகு நுனிக்குத் தொடுவுணர்வு உண்டு, புழு தட்டுப்படுவது அதற்குக் கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிடும். ஆகவே கொத்தியது, பொறுக்கியது, துழாவியது என்று வினையை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும்.

தூத்துக்குடி உப்பளத்தில் பொருந்துகிற உப்புக்கொத்தி என்ற பெயர் நம் நன்னீர்க் குளத்தில் சற்று வேடிக்கையாகத்தான் ஒலிக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு காலின் நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவில் மஞ்சள் கலந்த பச்சைக் கால் தெரிந்தால் அது அதன் பங்காளியான வேறு இனம். இவை தவிர, பொறி உள்ளான் என்று இன்னொன்றும் உண்டு; அந்தப் பெயரிலுள்ள ‘பொறி’ புள்ளியைக் குறிக்கும் பழஞ்சொல். முதுகைப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும்.

ஒரு திருத்தம். ‘முழங்கால் அளவு நீரில் நின்றது’ என்று பலரும் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குவது கணுக்கால்; உண்மையான முழங்கால் வயிற்றோர இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று காலை எழுதியது இது: ‘மடையை அடுத்த ஈரமணலில் ஒன்று, ஓடி நின்று கொத்தியது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், பட்டாணி உப்புக்கொத்தி. பத்தடி தள்ளி, கணுக்கால் நனைய, கறுப்புக் காலுடன் ஏழு, தலை நிமிராமல் பொறுக்கின, கொசு உள்ளான்.’ பழைய பக்கங்களில் இருக்கும் முழங்கால்களை இனிமேல்தான் அடிக்க வேண்டும்.