புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பர்ப்பிள் ஹார்ட் கிடைத்துவிட்டது

அமெரிக்க ராணுவத்தில் கொரியப் போரில் காயம்பட்ட பெரியவரின் பணிவிடுப்புச் சான்றில் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் (போரில் காயம்பட்டவர்களுக்குத் தருவது) விடுபட்டிருந்தது, எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அவருடைய பணிக் கோப்பு 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத் தீயில் போய்விட்டது. கைகொடுத்தது, ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் 1950–54 மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவைக் கேட்கச் சொன்ன யோசனைதான். காயத்தின் வகைகூட அதில் இருந்தது. அதையும் அவர் பிரிவின் காலை அறிக்கை (வீரர்களின் நிலையை அன்றன்று குறிக்கும் பதிவு) நகலையும், ராணுவப் பதிவைத் திருத்தக் கோரும் டிடி 149 படிவத்தோடு அனுப்பினார். விண்ணப்பிப்பதற்கான மூன்றாண்டுக் கெடு தாண்டியிருந்ததால், நீதி கருதி விலக்கு கேட்டுக் காரணமும் எழுதினோம், அதை விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராதது: பணிவிடுப்புச் சான்றுக்குத் திருத்தமாக வந்த டிடி 215 படிவத்தில், அமெரிக்க வீரர்கள் ஏற்க 1999-இல் அனுமதிக்கப்பட்ட கொரியக் குடியரசின் (தென் கொரியா) போர்ச் சேவைப் பதக்கமும் சேர்ந்திருந்தது. வாசித்துக் காட்டியபோது பெரியவர் அழுதுவிட்டார்.