கைக்காசில் மராமத்து செய்தால் அது செலவே இல்லையா?

கறார்கணக்கு:
பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்கிறவர், வாங்க மட்டும் கடன் எடுத்து மராமத்தைக் கைக்காசில் செய்தால், எவ்வளவு வரை கொடுத்து வாங்கலாம் என்று பார்க்கும் 70 சதவீத விதியில் மராமத்துச் செலவைக் கழிக்க வேண்டாம் என்று செங்கல்சூளை நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வேலை முடிந்து 100-க்கு விலைபோகும் வீடு என்றால் அதில் 70 சதவீதம் 70, மராமத்து 20, ஆக 50-க்கு மேல் கொடுத்து வாங்கக் கூடாது. அந்த 20 யார் பையிலிருந்து போனாலும் 20தான்.

செங்கல்சூளை:
என் காசுக்கு நான் யாருக்கு வட்டி கட்டுகிறேன்? வட்டி இல்லாததை எதற்குக் கழிப்பது?

கறார்கணக்கு:
கழிப்பது வட்டியை இல்லை சார், மராமத்தை! வட்டி, பத்திரச் செலவு, தரகு, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி, உங்கள் லாபம் எல்லாமே மீதி 30-க்குள் அடங்க வேண்டும். நீங்கள் சொல்கிறபடி 70-க்கு வாங்கி 20 போட்டால் மிஞ்சுவது 10, அதில் வட்டிக்கும் தரகுக்கும் போக என்ன நிற்கும்?

மேல்தளம்:
கைக்காசில் ஒரு நன்மை உண்டு. மராமத்துக்கும் கடன் வாங்கினால் பெரும்பாலும் வேலை முடிந்ததை வந்து பார்த்துவிட்டுத்தான் பகுதி பகுதியாக விடுவிப்பார்கள். அதுவரை கொத்தனாருக்குக் கூலி யார் தருவது?

கறார்கணக்கு:
அதை யார் மறுத்தது? கழிக்கணுமா வேண்டாமா, அதுதான் பேச்சு. குளியலறைத் தரையைப் பெயர்த்தால் அடியில் குழாய் துருப்பிடித்து உதிர்கிறது, கைக்காசு அங்கேயே தீர்கிறது, வேலை நின்றாலும் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. பெயர்த்துப் போட்ட வீட்டைக் காட்டி மேல்கடன் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

செங்கல்சூளை:
நீங்கள் வாங்கி விற்ற வீடு எத்தனை? காகிதத்தில் கணக்குப் போட யாராலும் முடியும். போன முறை சுவரில் ஓதம் ஏறியதற்கு மேலே பூசினால் போதும் என்றவர்தானே?

கறார்கணக்கு:
பொய். கசிவை அடைத்த பிறகு பூசச் சொன்னேன். பழைய பேச்சை இழுத்தால் இந்த 20 மறைந்துவிடுமா?

மேல்தளம்:
70 என்பதே குத்துமதிப்பு, வீடு சீக்கிரம் விற்கிற இடத்தில் 75 கூடப் போடுகிறார்கள்.

கறார்கணக்கு:
75 போட்டாலும் 20-ஐக் கழிக்கணும்.

செங்கல்சூளை:
கழிக்க மாட்டேன். என் பணம், என் வீடு. ஓதத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.