பெட்ரோல் டேங்க் கசிகிறதா? சோதனை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, நிலத்தடியில் இருக்கும் பழைய இரும்பு பெட்ரோல் டேங்க் ஒன்றில் இருப்புக் கணக்கு தொடர்ந்து இடிக்கிறது. ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்தால் வெப்பநிலையின் வேலை என்று விட்டுவிடலாம், 10,000 லிட்டர் பெட்ரோல் 1 டிகிரி குளிர்ந்தாலே கிட்டத்தட்ட 10 லிட்டர் சுருங்கிவிடும். ஆனால் இங்கே கூடுவதே இல்லை, குறைவு மட்டும்தான். பம்பின் அளவையும் சரிபார்த்தாயிற்று.

டிப் ராடின் (டேங்கில் இறக்கி மட்டம் பார்க்கும் அளவுகோல்) நுனியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட் தடவி இறக்கினால், மழைக்கு அப்புறம் இரண்டு விரல் உயரத்துக்கு நிறம் மாறி வருகிறது. மேல்மூடி வழியாக இறங்கிய தண்ணீரா, இல்லை ஓட்டை வழியாக நிலத்தடி நீரே உள்ளே வருகிறதா, எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? வெளியே நீர்மட்டம் உயர்ந்திருந்தால் எதிரழுத்தத்தில் பெட்ரோல் வெளியேறாமல் நின்று, கசிவே இல்லாதது போலக் காட்டுமே, அப்போது சோதித்து என்ன பயன்?

சோதிக்க வருபவர் காற்றடித்துப் பார்க்கலாம் என்கிறார். பெட்ரோல் ஆவி இருக்கும் டேங்கில் காற்றா! எனக்குச் சரியாகப் படவில்லை. நைட்ரஜன் அல்லது வெற்றிடச் சோதனை செய்து பார்த்தவர்கள் உண்டா? லோடு இறக்கியபின் சோதனை தொடங்கும் முன் எவ்வளவு நேரம் விட்டீர்கள், பைப் லைனைத் தனியாகப் பிரித்துச் சோதித்தீர்களா?